முன்பணம் கைமாறும் முன்: வீட்டுக் கடனையும் வீட்டையும் தேர்ந்தெடுக்கும் வரிசை

வீடு வாங்குகிறவர்கள் வழக்கமாகப் போகும் வரிசை இது: வீட்டைப் பார்க்கிறார்கள், பிடித்துப்போகிறது, முன்பணம் கொடுக்கிறார்கள், பிறகு வங்கிக்கு ஓடுகிறார்கள், கடைசியில் வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டுகிறார்கள். பாதிச் சிக்கல் இந்த வரிசையிலிருந்தே வருகிறது. முன்பணம் வாங்கும்வரை விற்பவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். வாங்கிய பிறகு கெடு தேதியைத்தான் நினைவூட்டுவார். வட்டிப் பேரம், பத்திரச் சோதனை, கட்டட ஆய்வு மூன்றையும் முன்பணத்துக்கு முன்னால் முடிப்பது எப்படி என்பதுதான் இங்கே.

தவணையிலிருந்து தொடங்குங்கள்

"எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்று வங்கியில் கேட்பதற்கு முன், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வங்கி சம்பளச் சீட்டையும் ஏற்கெனவே ஓடும் கடன்களையும் பார்க்கும். பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் மருத்துவமும் அதன் கணக்கில் பெரிதாக வராது. எளிய சோதனை ஒன்று உண்டு. உத்தேசத் தவணைக்கும் இப்போதைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்று நான்கு மாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். மாதக் கடைசியில் அந்தக் கணக்கில் கை வைக்க நேர்ந்தால், கடன் தொகை உங்களுக்கு அதிகம்.

இனி எண்கள். 10 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் விகிதம் ஒன்றுதான். மாதத் தவணை 8,997. முதல் மாதம் அதில் 7,500 வட்டிக்குப் போகிறது, அசலில் குறைவது 1,497 மட்டுமே. பத்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் 7.10 லட்சம் அசல் பாக்கி நிற்கும். பாதி அசல் அடைவதற்கே ஏறக்குறைய 14 வருடம் ஆகிவிடும். நடுவில் வீட்டை விற்க நேர்ந்தவர்கள் "இத்தனை வருஷம் கட்டினேனே" என்று திகைப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்; வங்கி ஏமாற்றிவிட்டது என்று பொருளல்ல.

கடன் காலத்தை 30 வருடமாக நீட்டினால் தவணை 8,046 ஆகும். மாதம் 951 குறைகிறது. மொத்த வட்டியோ 11.59 லட்சத்திலிருந்து 18.97 லட்சத்துக்கு ஏறுகிறது. 15 வருடமாகச் சுருக்கினால் தவணை 10,143, வட்டி 8.26 லட்சம். வருமானம் ஏற்ற இறக்கமாக உள்ளவர்கள் 20 வருடத்துக்குக் கடனை எடுத்து, கையில் பணம் இருக்கும்போது கூடுதலாகக் கட்டுவது நல்லது. நீண்ட காலக் கடனை வேகமாக அடைக்க யாரும் தடை சொல்ல மாட்டார்கள், முன்கூட்டிக் கட்ட அபராதம் இல்லாத ஒப்பந்தமாக இருக்கும்வரை. அந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள்.

கூடுதலாகக் கட்டுவதிலும் நேரம் முக்கியம். இதே கடனில் முதல் வருட முடிவில் 1 லட்சம் கட்டி, தவணையை மாற்றாமல் விட்டால் சுமார் 50 தவணைகள் குறையும். அதே 1 லட்சத்தை 15ஆம் வருட முடிவில் கட்டினால் குறைவது சுமார் 16. அப்படிக் கட்டும்போது "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். பேசாமல் விட்டால் சில இடங்களில் தவணையைக் குறைத்துவிடுவார்கள். மாதம் கொஞ்சம் இளைப்பாறலாம், ஆனால் வட்டியில் மிச்சமாக வேண்டியதில் பெரும்பகுதி போய்விடும்.

வட்டி விகிதம் என்ற ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம்

விளம்பரத்தில் வரும் எண்ணுக்குப் பின்னால் சில கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்வி, குறையும் அசலின் மேல் வட்டியா, தொடக்க அசலின் மேலேயே கடைசிவரை கணக்கிடும் பிளாட் வட்டியா? 6 சதவீத பிளாட் வட்டியில் 20 வருடத்துக்குத் தவணை 9,167. குறையும் அசல் முறையில் அது சுமார் 9¼ சதவீதத்துக்குச் சமம். 6 என்ற எண்ணைப் பார்த்து மயங்கியவர் மேலே சொன்ன 9 சதவீதக் கடனைவிட அதிகம் கட்டுவார்.

அடுத்தது கட்டணங்கள். பரிசீலனைக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், சட்ட ஆய்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரே வருடாந்தர விகிதமாகச் சொல்லச் சொல்லுங்கள். மூன்று நிறுவனங்களிடம் கேட்பதாக இருந்தால் ஒரே தொகைக்கு, ஒரே காலத்துக்கு, ஒரே வாரத்தில் எழுத்தில் கேளுங்கள். போன மாதம் ஒன்று, இந்த மாதம் ஒன்று என்று வாங்கிய தாள்களை ஒப்பிட்டுப் பயனில்லை.

கட்டணத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது காப்பீடு. கடன் வாங்கியவர் இறந்தால் கடன் அடையும்படியான காப்பீடு தேவைதான். ஆனால் முழுப் பிரீமியத்தையும் ஒரே தடவையாகக் கடனில் சேர்த்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 40,000 பிரீமியம் கடனோடு சேர்ந்தால், 9 சதவீதத்தில் 20 வருடத்துக்கு நீங்கள் அதற்காகக் கட்டுவது 86,000-க்கும் மேல். வருடா வருடம் பிரீமியம் கட்டும் சாதாரண ஆயுள் காப்பீட்டைத் தனியாக வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். கையெழுத்துப் போடும் நாளில் இந்தத் தாளைக் கட்டுக்கு நடுவில் வைத்து நீட்டுவார்கள்; முன்கூட்டியே கேட்டுவைத்தால் அன்று வாக்குவாதம் இருக்காது.

நிலையான வட்டியா, மாறும் வட்டியா என்ற விவாதத்துக்கு முடிவில்லை. நிலையானது என்றால் எத்தனை வருடத்துக்கு என்பதுதான் கேட்க வேண்டியது. அமெரிக்காவில் 30 வருடமும் மாறாத வட்டி சாதாரணம். பிரிட்டனில் பெரும்பாலும் 2 அல்லது 5 வருடம் மட்டுமே நிலையாக இருக்கும், பிறகு புதிதாகப் பேரம் பேச வேண்டும். மாறும் வட்டியில் இரண்டு துண்டுகள் உண்டு: சந்தையோடு ஏறி இறங்கும் அடிப்படை விகிதம், அதன்மேல் வங்கி வைக்கும் கூடுதல் விகிதம். அடிப்படை உங்கள் கையில் இல்லை. பேரம் பேச வேண்டியது கூடுதல் விகிதத்தில். புதிய வாடிக்கையாளருக்கு அதைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, பழையவரை அப்படியே விட்டுவிடுவது நிறுவனங்களின் இயல்பு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதியவருக்கு என்ன விகிதம் என்று விசாரித்து, அதையே கேளுங்கள்.

மாறும் வட்டியில் கவனிக்காமல் போவது இன்னொன்று. வட்டி ஏறும்போது தவணையை அப்படியே வைத்துக் காலத்தை நீட்டுவார்கள். நம் எடுத்துக்காட்டில் தொடக்கத்திலேயே வட்டி 9-லிருந்து 10 ஆனால், 8,997 தவணையிலேயே கட்டி முடிக்க 240 மாதம் 314 மாதமாகும், அதாவது 26 வருடத்துக்கு மேல். 10.8 சதவீதத்தைத் தாண்டினால் தவணை வட்டிக்கே போதாது. மாதம் தவறாமல் கட்டியும் கடன் வளரும். கனடாவில் 2022–23ல் வட்டி வேகமாக ஏறியபோது, தவணை மாறாத கடன்கள் பலவற்றுக்கு இதுதான் நடந்தது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில், வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று கடன்தாரரிடம் கேட்க வேண்டும் என்று உத்தரவிட்டது. விதி இருக்கட்டும், நீங்கள் கேட்காவிட்டால் நீட்டிப்பு சத்தமில்லாமல் நடந்துவிடும். வருடம் ஒருமுறை கணக்கு அறிக்கையில் எத்தனை தவணை பாக்கி என்ற எண்ணைப் பாருங்கள்.

கடன் எடுக்கும் முன்பே வட்டி 2 சதவீதம் ஏறினால் தவணை என்ன என்று பார்த்துவிட வேண்டும். 11 சதவீதத்தில் அது 10,322. அந்தத் தொகை தாங்காது என்றால் வீட்டின் விலையில்தான் இறங்கிவர வேண்டும்.

கைப்பணம் எங்கே போதாமல் போகிறது

விலை 100, கடன் 80 சதவீதம், கையில் 20 இருந்தால் போதும் என்று கணக்குப் போடுவார்கள். வங்கி கடன் தருவது விலைக்கு அல்ல, தன் மதிப்பீட்டாளர் சொன்ன மதிப்புக்கு அல்லது விலைக்கு, இரண்டில் எது குறைவோ அதற்கு. அவர் 92 என்று எழுதினால் கடன் 73.6. கைப்பணம் 26.4 வேண்டும். இதற்கு மேல் பத்திரப் பதிவு, வரி, வக்கீல், தரகு, குடிபெயர்ப்பு, முதல் வருடத்துப் பழுது. இவை எதற்கும் கடன் கிடைப்பதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் போன பிறகு ஆறு மாதத் தவணை தனியாக மிச்சம் இருக்க வேண்டும்.

அதனால் வீடு தேடும் முன்பே வங்கியிடம் எழுத்தில் முன்னொப்புதல் வாங்கிவிடுங்கள். அது உறுதி அல்ல. வருமானத்தைப் பார்த்துச் சொன்னது, வீட்டைப் பார்த்துச் சொன்னதல்ல. முன்னொப்புதலுக்கும் பணம் வெளிவருவதற்கும் நடுவில் வேலை மாறுவது, வாகனக் கடன் எடுப்பது, கணக்கில் திடீரென்று பெரிய ரொக்கம் போடுவது மூன்றும் காரியத்தைக் கெடுக்கும். கடைசி வாரத்தில் வங்கி மறுபடி கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்கும். உறவினர் கொடுத்த பணமாக இருந்தால் வங்கி வழியாகவே வாங்கி, அது கடனா அன்பளிப்பா என்று ஒரு கடிதமும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பார்ப்பதும் காகிதத்தைப் பார்ப்பதும்

ஒரே வீட்டைப் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, முடிந்தால் நல்ல மழைக்கு மறுநாள் ஒருமுறை பாருங்கள். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரையும், மேல்மாடிக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள கூரையையும் கையால் தடவுங்கள். சுவரின் ஒரு பகுதிக்கு மட்டும் புதுச் சாயம் அடித்திருந்தால் அங்கே ஏன் என்று கேளுங்கள். வெள்ளை உப்புப் பூத்திருந்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது, மேலே சாயம் அடித்துத் தீராது. பூச்சில் மயிரிழை விரிசல் எல்லா வீட்டிலும் இருக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, ஒரு முனையில் அகன்று 5 மில்லிமீட்டரைத் தாண்டும் விரிசல் வேறு ரகம். அஸ்திவாரம் ஒருபக்கம் இறங்கியிருக்கலாம். பொறியாளர் பார்க்காமல் அந்த வீட்டுக்கு விலை பேச வேண்டாம். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுக் கழிப்பறையில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் வரத்தும் வடிகால் அடைப்பும் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பத்திரத்தில் எவ்வளவு ஆழமாகத் தோண்ட வேண்டும் என்பது நாட்டைப் பொறுத்தது. 1858ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய டோரன்ஸ் முறையில் அரசுப் பதிவேட்டில் பெயர் இருப்பதே உரிமை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் இந்த வழியில் போகின்றன. இந்தியா போன்ற நாடுகளில் பதிவு என்பது ஒரு பத்திரம் எழுதப்பட்டது என்பதற்கான சாட்சி மட்டுமே. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்கு அரசு பொறுப்பேற்காது. அங்கே மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை கண்ணி அறுபடாமல் இருக்க வேண்டும். அறுபடும் இடங்கள் எப்போதும் ஒரே மாதிரிதான்: வாரிசுகளில் ஒருவர் கையெழுத்துப் போடாதது, பாகப்பிரிவினை பதிவாகாதது, பவர் கொடுத்தவர் இறந்த பிறகு அந்தப் பவரை வைத்து விற்றது. வங்கியின் வக்கீல் சரி என்றுவிட்டார் என்பது போதாது. அவர் வங்கிக்காகப் பார்க்கிறார். உங்களுக்கென்று ஒருவர் பார்க்கட்டும்.

விற்பவருக்கே அந்த வீட்டின்மேல் கடன் இருந்தால் அதுவொன்றும் குறையல்ல. பாக்கித் தொகைக்கு அவருடைய வங்கியிடம் தேதியிட்ட கடிதம் வாங்கி, உங்கள் வங்கி நேரே அந்த வங்கிக்குக் கட்டும்படி செய்யுங்கள். பணத்தை விற்பவர் கையில் கொடுத்து "நீங்களே அடைத்துவிடுங்கள்" என்று விடக் கூடாது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஒப்பந்தமும் முன்பணமும். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை கட்டாயம்: குறிப்பிட்ட தேதிக்குள் இவ்வளவு தொகைக்குக் குறையாமல் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும். தொகை, தேதி, நாள் மூன்றும் எண்ணாக இருக்கட்டும். "கடன் கிடைக்காத பட்சத்தில் பேசித் தீர்க்கப்படும்" என்று எழுதினால் பேசத்தான் முடியும். வட்டி விகிதத்தை வங்கி எத்தனை நாள் பிடித்துவைக்கும் என்று கேட்டு, பதிவுத் தேதி அதற்குள் வரும்படி பாருங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால் வங்கி கட்டம் கட்டமாகப் பணம் விடும். விட்ட தொகைக்கு வட்டி மட்டும் கட்டும் அந்தக் காலத்தில் அசல் ஒரு காசும் குறையாது. கட்டுமானம் தாமதமானால் வாடகையும் வட்டியும் சேர்ந்து ஓடும். கட்டடக்காரர் கேட்டார் என்பதற்காக ஒப்புதல் கொடுக்காமல், தளம் போட்டாயிற்றா என்று நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பின்னாளில் வேறு வங்கியில் அரை சதவீதம் குறைவு என்று அழைப்பு வரும். 10 லட்சத்துக்கு, 20 வருடம் பாக்கி இருக்கையில், 9-லிருந்து 8.5க்கு மாறினால் மாதம் 319 மிச்சம். மாறும் செலவு 10,000 என்றால் அதை ஈடுகட்டவே 32 மாதம் ஆகும். அதற்குள் வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால் மாற வேண்டாம். பலமுறை, அந்த அழைப்பை இப்போதைய வங்கியிடம் காட்டினாலே கூடுதல் விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள்.

அசல் பத்திரங்களை வங்கியிடம் ஒப்படைக்கும் அன்று, ஒவ்வொன்றின் எண்ணும் தேதியும் பக்கங்களும் எழுதிய பட்டியலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடன் முடியும்போது அதே பட்டியலை வைத்துச் சரிபார்த்து வாங்கி, பாக்கியில்லை என்ற கடிதமும் பெற்று, பதிவேட்டில் ஏறியிருக்கும் அடமானத்தை நீக்க மனுச் செய்யுங்கள். ஒரு மாதம் கழித்துப் பதிவேட்டின் புதிய நகல் எடுத்தால், அது நீங்கியதா இல்லையா என்பது தெரியும்.