தெரிந்தே ஐயுறுதல்

சென்ற வாரம் எழுதி முடித்த கட்டுரையை அனுப்புமுன் ஒருமுறை வாசித்தபோது, இரண்டே பக்கத்தில் ஒன்பது வாக்கியங்கள் "எனலாம்" என்றும் நான்கு வாக்கியங்கள் "போலும்" என்றும் முடிந்திருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஐயத்தால் வந்தவை அல்ல. யாரேனும் மறுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தால் வந்தவை.

ஐயத்தை உத்தியாகக் கையாள்வது வேறு வித்தை. கிரேக்கப் பேச்சுக்கலையில் அதற்கு அப்போரியா என்று பெயர். வழியின்றி நிற்றல் என்பது அச்சொல்லின் பொருள். எங்கிருந்து தொடங்குவேன் என்று பேச்சாளர் திகைத்து நிற்கையில், அவருக்காகக் கேட்போர் வழி தேடத் தொடங்கிவிடுகிறார்கள். தமிழில் ஐயத்துக்கென்றே "கொல்" என்னும் இடைச்சொல் உண்டு. "கொல்லே ஐயம்" என்று இரண்டே சொற்களில் தொல்காப்பியர் முடித்துவிடுகிறார்.

"அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை மாதர்கொல் மாலும்என் நெஞ்சு" என்னும் 1081ஆம் குறளைப் பலமுறை படித்தும், அந்தக் கனங்குழையை நான் அண்மையில்தான் கவனித்தேன். தெய்வமோ, மயிலோ, மானிடப் பெண்ணோ என்று மயங்குகிறவனின் கண்ணில் கனத்த காதணி பட்டுவிட்டது. இத்தகைய ஐயத்தைக் களையும் அடையாளங்களைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்தும்போது, வண்டுக்கு அடுத்து இரண்டாவதாகச் சொல்வது இழையை, அதாவது அணிகலனை. ஆகவே விடை அவன் கைக்கு எட்டியிருக்கிறது. பாராட்டை நீட்டிப்பதற்காக அவன் மயக்கத்திலேயே இருந்துகொள்கிறான்.

அதே "கொல்" கண்ணகி வாயில் வரும்போது எரிகிறது. "சான்றோரும் உண்டுகொல்", "தெய்வமும் உண்டுகொல்" என்று மதுரைத் தெருவில் அவள் கேட்பதில் ஐயம் துளியும் இல்லை. இவ்வூரில் சான்றோர் இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் எவரேனும் மறுத்திருக்கக்கூடும். கேள்வியாக வந்ததால், அது காதில் விழுந்த ஒவ்வொருவரும் தாம் சான்றோர்தாமா என்று தம்மையே பார்த்துக்கொள்ள வேண்டியதாகிறது.

கூட்டங்களில் நாம் கேட்கும் ஐயம் பெரும்பாலும் இந்த இரண்டுமன்று. "அவர் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை, ஆனால் சாவி அவரிடந்தானே இருந்தது?" என்று ஒருவர் இழுப்பார். பின்னர் எவரேனும் மடக்கினால், "சந்தேகத்தைத்தானே கேட்டேன்" என்று நழுவுவதற்கு அதில் வாசல் திறந்தே இருக்கும். கண்ணகி தனக்கு அப்படியொரு வாசலை வைத்துக்கொள்ளவில்லை.

என் கட்டுரையில் "எனலாம்" அனைத்தையும் அடித்துவிட்டேன். "போலும்" இரண்டு மிஞ்சின: ஒன்று எனக்கு உண்மையாகவே தெரியாத இடம், மற்றொன்று, ஒப்புக்கொள்கிறேன், ஓசைக்காக.