கையெழுத்துக்கு முன் சொன்னது

"ஊருக்கு உபயோகம்னா எடுத்துக்கங்க சார்" என்று அந்த அண்ணன் சொன்னதைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொண்டேன். கையெழுத்தும் போட்டார். யார் கேட்டாலும் காட்ட எல்லாம் ஃபைலில் இருக்கிறது.

அவருடைய தம்பிக்கு முதலில் கால்கள் விழுந்தன, பிறகு கைகள், அப்புறம் மூச்சு. எல்லாரும் ஜி.பி.எஸ். என்றார்கள், நரம்புகள் பாதித்துக் கைகால் விழும் கில்லன்-பாரே நோய். எனக்கு உறுத்தியது காய்ச்சல். ஜி.பி.எஸ்.ஸில் கைகால் விழத் தொடங்கும்போது பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. மார்புத் தசையில் சுத்தியலால் தட்டினேன்; தட்டிய இடம் சின்ன மேடாகப் புடைத்து மெல்ல அடங்கியது. ரேபிஸில், அதாவது வெறிநாய்க்கடி நோயில், இப்படி வருவதுண்டு. நாய் ஏதாவது என்று கேட்டதும், "வீட்டுக் குட்டிதான் சார், லேசா கீறிச்சு. அதுவும் செத்துப்போச்சு" என்றார் அண்ணன். தண்ணீரைக் கண்டு பயமில்லை, விசிறிக் காற்றுக்கும் மிரளவில்லை. அந்த இரண்டும் இல்லாவிட்டால் ரேபிஸ் இல்லை என்று வார்டில் பாதிப் பேர் நம்புகிறார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது வெறும் வாதமாகவே வரும். 1929 வாக்கில் கரீபியன் தீவான டிரினிடாடில் வௌவால் கடியால் இப்படிப் பலர் விழுந்தபோது முதலில் போலியோ என்றுதான் நினைத்தார்கள்.

உமிழ்நீர் சோதனை நெகட்டிவ். எச்சிலில் வைரஸ் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால் அதை நம்ப முடியாது. அடுத்த சோதனைக்குப் பிடரித் தோல் எடுப்பதற்குள் ஆள் போய்விட்டார். மிச்சம் இருந்தது ஒரே வழி. மண்டையைத் திறக்காமல், கண்குழி வழியாக நீள ஊசி விட்டு மூளையில் துளி எடுப்பது.

"செத்தவனுக்கு எதுக்கு சார் டெஸ்ட்டு?"

"ரேபிஸ்னு உறுதியானா, அவரோட எச்சில் பட்டவங்க, அந்தக் குட்டியோட விளையாடின பிள்ளைங்க எல்லாருக்கும் தடுப்பூசி போடணும்."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் தடுப்பூசிக்கு அந்த முடிவு தேவையே இல்லை. சந்தேகம் இருந்தாலே போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவார்கள், முதல் நாள், 3, 7, 28 என்று. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் திரும்பித் தம்பி மனைவியைப் பார்த்தார். வாயில் வழிந்ததையெல்லாம் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தது அந்தப் பெண்தான். அதற்குப் பிறகுதான் பேனாவைக் கேட்டார்.

ஒரே வைரஸ் ஒருவரை வெறிகொள்ள வைக்கிறது, இன்னொருவரைத் துணியாகத் துவள வைக்கிறது. ஏன்? என் ஆராய்ச்சி முழுக்க இந்த ஒரு கேள்விதான். இதற்கு ரத்தமும் முதுகுத்தண்டு நீரும் போதாது, மூளைத் திசு வேண்டும். அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. தம்பியின் உடலுக்காக வெளியே ஆம்புலன்ஸ் நிற்கும்போது யார் இரண்டாம் பக்கம் படிப்பார்கள்?

சரி, எடுக்காமல் விட்டிருந்தால்? அந்தச் சாவு ஜி.பி.எஸ். கணக்கில் போயிருக்கும். இந்தியாவில் ஆண்டுக்கு 20,000 பேர் ரேபிஸால் சாகிறார்கள் என்று வெகுகாலம் சொன்னோம். அண்மைய மதிப்பீடு 5,700 பக்கம் வருகிறது. இவ்வளவு இடைவெளிக்கு ஒரு காரணம், இப்படிப்பட்ட சாவுகள் எந்தக் கணக்கிலும் சரியாக உட்காராததுதான். அதோடு, 'சந்தேகம்' என்று சொன்னால் பெற்றோர் இரண்டாவது டோஸோடு பிள்ளையைக் கூட்டிவருவதை நிறுத்திவிடுவார்கள். 'உறுதி' என்று சொன்னால் 28ஆம் நாளும் வந்து நிற்பார்கள். இங்கே முடிவு பாசிட்டிவ். பிள்ளைகள் ஒரு டோஸ்கூட விடவில்லை என்று நர்ஸம்மா போனில் சொன்னார். அப்படியென்றால் நான் சொன்ன காரணமே சரியான காரணமாகிவிட்டதா? முடிவு வருவதற்கு முன்பே எல்லாருக்கும் முதல் டோஸ் போட்டாகிவிட்டதே.

இப்போதெல்லாம் வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் தடுப்பூசிக்குச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்வேன். அப்புறம்தான், ஆராய்ச்சிக்கு என்று தெளிவாகச் சொல்லிக் கேட்பேன். பலர் வேண்டாம் என்கிறார்கள். "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க சார், இப்படிக் கேட்டா யார் தருவா?" என்கிறார் என் பி.ஜி. மாணவர். அவர் பழைய வரிசையில்தான் கேட்கிறார். கூடாது என்று நான் இன்னும் சொல்லவில்லை. அவர் வாங்கித் தரும் மாதிரிகளும் என் ஆய்வில்தான் சேருகின்றன.