வீட்டுக்குச் சொல்லியாச்சா?

செட்டிநாட்டு போலீஸ் ஸ்டேஷன்களில் ஆள் இருக்கும் வீடுகளைவிட ஆள் இல்லாத வீடுகளுக்குத்தான் காவல் அதிகம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எங்கே போனாலும் தெருத்தெருவாகப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள். சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று வரும்போதுதான் கதவு திறக்கும். அப்போதுதான் திருட்டும் தெரியவரும். என்றைக்கு நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்ல ஆள் இருக்காது.

அப்படிப்பட்ட ஒரு ஸ்டேஷனில் நான் ரைட்டராக, அதாவது ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கும் காவலராக, இருந்தபோது எங்களுக்கு இன்ஸ்பெக்டராக வந்தவர்தான் போன மாதம் காலமான ஐயா. அவரைப் பற்றி யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதிக் கொண்டிருந்தவன் நான்தான் என்பதால் நானே எழுதுகிறேன்.

செட்டிநாட்டு வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீண்டுகொண்டே போகும். இரவு ரோந்துக்குப் போகும் காவலர் முன்வாசலில் வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில், அதாவது ரோந்து வந்ததற்கான பதிவேட்டில், கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவது வழக்கம். ஐயா வந்த பிறகு அது மாறியது. பின்தெருவுக்கும் ஒரு பட்டா புத்தகம் வைத்தார். அவரே ரவுண்ட்ஸ் போனால் பூட்டை இழுத்துப் பார்ப்பதோடு விடமாட்டார். டார்ச்சைக் கிட்டே பிடித்து, நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒட்டடை இருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பல மாதம் திறக்காத கதவில் ஒட்டடை இல்லை என்றால் உடனே வீட்டுக்காரருக்குப் போன். “வீட்டுக்கு யாராவது வந்து போனாங்களா?” என்று கேட்காமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்.

ஒரு வழக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரவில் வீடு புகுந்து திருடியதற்காக இந்தியத் தண்டனைச் சட்டம் 457, 380 என்று பதிவு செய்த கேஸ். இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்து எண்களெல்லாம் மாறிவிட்டன. திருடியவர்கள் ஓடு வழியாக முற்றத்தில் இறங்கி, சாமான் அறையில் இருந்த பித்தளை, வெள்ளி எல்லாவற்றையும் அள்ளிப் போயிருந்தார்கள். பிறகு சாமான்கள் கிடைத்தன. ஆனால் பாத்திரங்களில் பொறித்திருந்த பெயர் எழுத்துகளை அரத்தால் தேய்த்திருந்தார்கள். எந்தச் சாமான் யாருடையது என்று நிரூபிப்பது சிரமம்.

வீட்டு ஆச்சி கல்யாணச் சீர் சாமான்களை எழுதி வைத்த பழைய சீர் சிட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். ஐயா தன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தார். “நிதானமாப் பாருங்க ஆச்சி. ஒரு அவசரமும் இல்ல.” ஆச்சி ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்து, விளிம்புக்கு உள்பக்கம் விரலை ஓட்டினார். ஒரு அடுக்குப் பாத்திரத்தில் விரல் நின்றது. தேய்த்தவன் கண்ணில் படாத இடத்தில் புள்ளி புள்ளியாக இரண்டு எழுத்து. “இது எங்க ஆத்தா எனக்கு வச்சது தம்பி” என்றார். அந்த ஒரு அடுக்கில் தொடங்கி, சிட்டையோடு ஒப்பிட்டு மற்றதையும் அடையாளம் பார்த்து எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. மீட்ட பொருள் கோர்ட்டுக்குப் போய்விட்டால் வழக்கு முடியும்வரை அங்கேயே கிடந்துவிடக்கூடும். அன்றைக்கு இருந்த குற்ற விசாரணை முறைச் சட்டம் 451-இன் கீழ் மனுப் போட்டு இடைக்காலமாகத் திரும்ப வாங்கலாம் என்பதை ஆச்சிக்குப் புரியும்படி சொல்லி அனுப்பினார். இதைச் சொல்லித் தராத அதிகாரிகளையும் நான் பார்த்திருக்கிறேன். பொருளைப் பிடித்ததோடு வேலை முடிந்தது என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அதே வழக்கில் பிடிபட்டவன் வெளி மாவட்டத்துக்காரன். கைது செய்தால் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஸ்டேஷன் சுவரில் போர்டாகவும் தொங்கும். ஐயாவுக்குப் போர்டு தேவைப்படவில்லை. ஸ்டேஷனுக்குள் யாரைக் கொண்டு வந்தாலும் அவர் முதலில் கேட்பது, “வீட்டுக்குச் சொல்லியாச்சா?” அவன் மனைவி கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தபோது, அவளிடம் குரலை உயர்த்த யாரையும் அவர் விடவில்லை. “திருடினது அவன். இந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?” என்றார். லாக்கப்பில் இருப்பவன் மேல் கை வைக்கவும் விடமாட்டார். அடிக்காமல் கேஸ் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்பவர்கள் அவரோடு வேலை பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அதே கேள்வி எங்களுக்கும் வரும். பிள்ளையார்பட்டி சதுர்த்தி பத்து நாள், குன்றக்குடி பங்குனி உத்திரம், தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி பழனிக்கு நடந்து போகும் நாட்கள் என்று பந்தோபஸ்துக்கு முடிவே கிடையாது. காவலர்களுக்கு வார விடுப்பு 2021-இல்தான் அரசாணையாக வந்தது. ஐயா அதற்கு முன்பே 58 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் பையனுக்குக் காய்ச்சல் என்று ஒரு காவலர் தயங்கி நின்றால், டூட்டி சார்ட்டை மாற்றி எழுதும்படி என்னிடம் சொல்லி அந்தக் காவலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

அவருக்கு இரண்டு பெண்கள். ராத்திரி எட்டு மணிக்கு லேண்ட்லைனில் வீட்டுக்குப் பேசுவார். மறுநாள் பரீட்சை என்றால் சின்னவள் போனிலேயே பாடம் ஒப்பிப்பாள், இவர் வழக்கு நாட்குறிப்பான சி.டி. ஃபைலை மூடி வைத்துவிட்டு உம் கொட்டுவார். ஐயாவின் மனைவியை நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா அனுப்பும் கேரியரில் காவலுக்கு நிற்கும் பாராக்காரருக்கும் சேர்த்துச் சாப்பாடு இருக்கும். ரவுண்ட்ஸ் முடிந்து விடியற்காலை போலீஸ் குடியிருப்பில் இருந்த லைன் வீட்டுக்குப் போனாலும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்ட பிறகுதான் படுப்பார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டிலேயே இல்லை என்ற குறை எங்களுக்கு வந்ததில்லை என்று காரியத்தன்று பெரியவள் சொன்னாள். போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள் இப்படிச் சொல்வது எவ்வளவு அரிது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

ஓய்வுக்குப் பிறகு காரைக்குடியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். கணவனை இழந்த காவலர் வீட்டுப் பெண்களுக்குக் குடும்ப ஓய்வூதியப் படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான் அவருக்கு முக்கால்வாசி வேலை. வருஷா வருஷம் கருவூலத்தில் உயிரோடு இருப்பதைக் காட்டும் நேர்காணலுக்கு யார் யார் எந்த மாதம் போக வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஒவ்வொருவருக்காகப் போன் போடுவார். அந்த நோட்டை அம்மா என்னிடம் கொடுத்திருக்கிறார். இந்த மாதப் பக்கத்தில் இருப்பவர்களில் ஒருவருக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. வியாழக்கிழமை ஆட்டோ பேசியிருக்கிறேன்.