சொல்லாமல் கவனிக்கும் ஆய்வு: அனுமதி முதல் களக்குறிப்பு வரை

எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. ஓர் அலுவலகத்தின் காத்திருப்புக் கூடத்தில், ஆய்வாளர்கள் என்று சொல்லிக்கொள்ளாமல் உட்கார்ந்து, ஊழியர்கள் வருகிறவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனிக்க அனுமதி கேட்டிருந்தோம். ‘சொன்னால் நடத்தை மாறிவிடும்’ என்ற ஒரே காரணத்தை நெறிமுறைக் குழு ஏற்கவில்லை. குழு செய்தது சரி. அந்த வரியை எந்த ஆய்வுக்கும் ஒட்டிவிடலாம். சில வாரம் வெளிப்படையாக உட்கார்ந்தால் முகம் பழகிவிடும், பிறகு வழக்கம்போலத்தான் நடந்துகொள்வார்கள்.

நேர்காணல், ஆவணம், வெளிப்படையான உற்றுநோக்கல் மூன்றும் ஏன் போதாது என்று தனித்தனியே எழுத உட்கார்ந்தபோது, கேட்டதில் பாதிக்கு மறைவே தேவையில்லை என்று தெரிந்தது. கோப்பு எப்படி நகர்கிறது என்பதை நேரே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கவுன்டரில் நடக்கும் பேச்சுக்கு மட்டும் மறைவு வேண்டியிருந்தது. அங்கே ஆட்கள் சுழற்சியில் மாறிக்கொண்டே இருப்பதால், யாருக்கும் முகம் பழக நேரமில்லை. இப்படிச் சுருக்கிய பிறகே அனுமதி கிடைத்தது.

அடுத்த கேள்வி, மேலதிகாரிக்குச் சொல்வதா என்பது. 1955-56இல் சமூகவியலாளர் கோஃப்மன் ஒரு மனநல மருத்துவமனையில் உடற்பயிற்சிப் பிரிவு உதவியாளராக நடமாடினார். மேல்மட்ட நிர்வாகத்துக்கு மட்டும் உண்மை தெரியும். நல்ல வழிதான், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. நம் குறிப்பே நாளை ஓர் ஊழியர் மீதான நடவடிக்கைக்குச் சாட்சியாகலாம். குறிப்புகளை நிர்வாகம் கேட்கக்கூடாது என்று கூடத்துக்குள் போகும் முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும். வன்முறையைக் கண்டால் எப்போது மறைவைக் கலைப்பது என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். களத்தில் யோசிக்க நேரம் இருக்காது.

பெரிய கேடு பெரும்பாலும் பார்ப்பதால் வருவதில்லை, எழுதி வைப்பதால் வருகிறது. 1960களில் ஹம்ப்ரீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், பொதுக் கழிப்பறைகளில் தங்களுக்குள் பாலுறவு கொண்ட ஆண்களைக் கவனித்து, கார் எண்களைக் குறித்து, முகவரி தேடி எடுத்தார். ஓராண்டு கழித்துத் தோற்றத்தை மாற்றிக்கொண்டு, உடல்நலக் கணக்கெடுப்பு என்று சொல்லி 50 பேரை வீட்டில் பேட்டி கண்டார். அந்த உறவு அன்று அங்கே குற்றம். அந்தப் பட்டியல் வெளியே போயிருந்தால் எத்தனை குடும்பங்கள் சிதைந்திருக்கும் என்று நினைத்தாலே நடுங்குகிறது.

எங்கள் குறிப்பிலும் சிறிய அளவில் அதே பிழை இருந்தது. ‘நீலச் சட்டை, கால் சாய்த்து நடப்பவர், மகளுடன் வந்தார்.’ பெயர் இல்லைதான். ஆனால் அந்த அலுவலகத்தில் யார் படித்தாலும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். ‘முதியவர், மூன்றாம் முறையாகக் கேட்கிறார், பதில் இல்லை’ என்று மாற்றினோம். ஆய்வுக்கு அவ்வளவு போதும்.

கூடத்தில் நாலைந்து குறிச்சொற்களுக்கு மேல் எழுத முடியாது. அன்றிரவே விரித்து எழுதாவிட்டால் பேச்சின் தொனி மறந்துவிடும். ஒரு மணி நேரம் கவனித்ததை எழுத இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அன்றிரவு எழுதி முடிக்க முடிவதற்கு மேல் கவனிப்பது வீண். எழுதி முடித்ததும் துண்டுச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். அதை போனில் படம் எடுத்திருந்தால், காலரியில் அழிப்பது மட்டும் போதாது; கிளவுடில் தானாக ஏறிய பிரதியையும் தேடி அழிக்க வேண்டும்.