தொண்ணூற்றாறு ஆடும் ஒரு விளக்கும்

நவம்பர் 3, 2024, ஞாயிறு

மூன்று மாதமாக ஞாயிறுதோறும் மான்செஸ்டர் யூத அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக நிற்கிறேன். உனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தமிழ்ச் சங்கத்துத் தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மழைக்கு ஒதுங்கிப் போனவள்தான், வேறு கதை எதுவும் இல்லை. சீத்தம் ஹில் ரோட்டில் கடைகளுக்கு நடுவே 1874-இல் கட்டிய ஜெபாலயம். ஸ்பானிய, போர்த்துக்கீசிய வழிபாட்டு முறைப்படி தொழுகிறவர்கள் கட்டியது. அவர்களில் பலர் பருத்தித் துணி வியாபாரத்துக்காக மத்தியதரைக் கடல் பக்கமிருந்து இங்கே வந்தவர்கள். வளைவுகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் பார்த்தால் லங்காஷயர் மழை மறந்துபோகும். பிறகு குடும்பங்கள் வடக்கே பிரெஸ்ட்விச், சால்ஃபர்டு பக்கம் நகர்ந்துவிட, தொழ ஆள் இல்லாமல் போய், 1984-இல் அருங்காட்சியகம் ஆனது.

சனிக்கிழமை யூதர்களின் புனித ஓய்வு நாள் என்பதால் கதவு திறப்பதில்லை. வேறு எந்த அருங்காட்சியகத்துக்கும் கூட்டம் அள்ளும் நாள் அது. கல்லாவைப் பார்த்து முடிவெடுக்கிற இடம் இல்லை இது என்று முதல் வாரமே புரிந்துபோனது.

நவம்பர் 17, 2024, ஞாயிறு

இன்று ஒரு பெரியவர் நெடுநேரம் நின்று பேசினார். 2021-இல் திறந்த புதுப் பகுதியைப் பற்றித்தான். வெளிச்சுவர் துருப்பிடித்த நிறத்து எஃகு, உள்ளே இருக்கும் பழைய வேலைப்பாட்டைப் போலவே அதில் கோலம் வெட்டியிருக்கிறார்கள். மொத்தம் சுமார் 60 லட்சம் பவுண்டு ஆன வேலை, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக தேசிய லாட்டரிப் பணத்தில் பழம்பெரும் இடங்களுக்கு உதவும் பாரம்பரிய நிதியிலிருந்து வந்தது. "அவ்வளவு பணம் வந்த இடத்துக்கு என் பத்து பவுண்டு எதற்கு?" என்று அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் கட்ட வந்த பணம் கட்டத்தான். அதை எடுத்துக் கணப்புக்கோ கூட்டித் துடைக்கிறவர் சம்பளத்துக்கோ கொடுக்க முடியாது, இன்னதற்கு என்று எழுதி வாங்கிய பணம். நம் ஊரில் கும்பாபிஷேகத்துக்குக் கேட்டால் லட்சம் லட்சமாக வரும், மறுவாரம் குருக்களுக்குச் சம்பளம் பாக்கி நிற்கும், அதே கதைதான். கல்வெட்டில் பெயர் போடுகிற செலவுக்கு ஆள் உண்டு, குழாய் ரிப்பேருக்கு யார் பெயரைப் போடுவது? பெரியவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். பத்து பவுண்டு போடவில்லை.

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

நன்கொடை கேட்டு எனக்குத் தெரிந்த இடங்களுக்கு நானே கடிதம் எழுதிப் பார்த்தேன். பதினொரு கடிதம், மூன்று பதில், மூன்றிலும் பணம் இல்லை என்றுதான். ஒரு நிறுவனம் மட்டும் புதுக் கண்காட்சி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், பேனரில் எங்கள் பெயர் வரும்படி செய்யலாமா என்று கேட்டது. கரண்ட் பில்லில் பேனர் கட்ட முடியாதே.

அக்டோபர் பட்ஜெட்டில், ஊழியர் சம்பளத்தின் மேல் வேலை கொடுப்பவர் அரசுக்குக் கட்டும் தேசியக் காப்பீடு 13.8-இலிருந்து 15 சதவீதமாகிறது என்று அறிவித்தார்கள், அடுத்த ஏப்ரலிலிருந்து. அதைவிடப் பெரிய அடி வரம்பைக் குறைத்தது: ஆண்டுச் சம்பளம் 9,100 பவுண்டைத் தாண்டினால் கட்ட வேண்டியதாக இருந்தது இனி 5,000-லேயே தொடங்கும். சிறு இடங்களுக்குச் சலுகை உண்டு என்றாலும், பகுதிநேர ஆட்களை வைத்து ஓட்டும் அருங்காட்சியகம் எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டே ஆக வேண்டும்.

லண்டன் யூத அருங்காட்சியகத்தை நினைத்தால்தான் பகீரென்கிறது. 1932-இல் தொடங்கியது. கேம்டனில் கட்டடத்தைப் பெரிதாக்கி 2010-இல் திறந்தார்கள், 2023 ஜூலையில் செலவு தாங்காமல் அந்தக் கட்டடத்தையே மூடினார்கள். பொருட்கள் பத்திரம். கதவுதான் இல்லை.

டிசம்பர் 29, 2024, ஞாயிறு

யூதர்களின் எட்டு நாள் விளக்குத் திருவிழா ஹனுக்கா நடக்கிறது. இந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று மாலையே முதல் விளக்கு, இன்று மாலை ஐந்தாவது. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் அம்மாவோடு வந்திருந்தான். வேதச் சுருள்கள் வைக்கும் பேழைக்கு முன்னால் தொங்கும் விளக்கைக் காட்டி "இதுவும் ஹனுக்கா விளக்கா?" என்று கேட்டான். இல்லை, இது நேர் தமீத், எந்த ஜெபாலயத்திலும் இருக்கும், எப்போதும் எரிய வேண்டியது என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நம் நந்தா விளக்கேதான்!

தஞ்சாவூர்க்காரிக்கு இது இத்தனை நாள் உறைக்கவில்லையே. பெரிய கோயில் கல்வெட்டில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு இருக்கிறது. ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார்கள், அவர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டி போடப் போட மந்தையின் எண்ணிக்கை குறையாது, அதனால் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, கிழடு தட்டாத ஆடு! மூலதனத்தில் கை வைக்காமல் விளைச்சலை மட்டும் செலவு செய்வது. இங்கே இதற்கு எண்டோமென்ட் என்று பெயர் வைத்து ஒருநாள் கருத்தரங்கு நடத்துகிறார்கள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "சரி, ஆடு எங்கே கட்டுவாய்?" என்றார்.

ஜனவரி 19, 2025, ஞாயிறு

ஆட்டுக்குப் பதில் மாதம் 8 பவுண்டு. வருஷத்துக்கு 96 ஆகிறது! காலண்டரின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு, இரண்டு முறை சரிபார்த்தேன். நம் பெண்மணிகள் பத்துப் பேரைப் பிடித்து மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகவே போகும்படி செய்யலாம் என்று திட்டம். பேழை விளக்கும் நெய் விளக்கும் எனக்கு ஒன்றுதான், தட்டிக் கேட்கிறவர்கள் கேட்கட்டும். அசல் பேராடு இல்லைதான், மந்தை என் கையில் இல்லை, மாதா மாதம் நெய் மட்டும் அளக்கிறோம்.

இன்று சங்கத்துப் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே பேசினேன். வரி கட்டுகிறவர் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அரசு ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் சேர்த்துத் தரும், 96 பவுண்டு 120 ஆகும் என்றதும் ஒரு மாமி கரண்டியை நிறுத்திவிட்டு, "சும்மாவா தருவான்?" என்றார். நாம் கட்டிய வரிதான் மாமி திரும்பி வருகிறது என்றேன். வரி கட்டாதவர் தப்பாகக் கையெழுத்துப் போட்டால் வித்தியாசத்தை அவர்தான் கட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ, இரண்டு பேர் சாம்பார் பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

ஆறு படிவம் வந்தது. ஒன்றில் வீட்டு எண் இல்லை. இன்னொன்றில் வரி கட்டுவது கணவர், கையெழுத்து மனைவி. செல்லாது, திருப்பி அனுப்பினேன். மூன்றாவதில் முகவரிக்குக் கும்பகோணத்து வீட்டை எழுதியிருந்தார்கள், பாசம்தான், வேறென்ன. உருப்படியாக மிஞ்சியது மூன்று. அதில் ஒன்று என் வீட்டுக்காரருடையது, அதுவும் சாப்பாடு போடுவதற்கு முன்னால் வாங்கியது.

பையில் படிவங்களோடு உள்ளே போகும்போது அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தேன், நவம்பரில் வந்தவர். இந்த முறை உண்டியலில் பத்து பவுண்டு மடித்துப் போட்டார். படிவத்தை நீட்டினேன். கண்ணாடி கொண்டுவரவில்லையாம், அடுத்த வாரம் கொண்டுவருவாராம்.