மண்ணெண்ணெய் குடித்த வெஸ்பா

பழைய வண்டி ஒன்று கராஜுக்கு வந்தால் நான் மீற்றரைப் பார்ப்பதில்லை. இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் மீற்றர் வேலை செய்யும் பழைய வண்டி அபூர்வம். கிரவல் ரோட்டில் கேபிள் அறுந்திருக்கும், அதற்கென்று யாரும் காசு செலவழித்திருக்க மாட்டார்கள். இப்போது என்னிடம் இருப்பது ஒரு கணித வாத்தியாரின் வண்டி. அந்த மாஸ்ரரின் வெஸ்பாவில் முள் பூச்சியத்தில் படுத்துவிட்டது. எண்கள் 61 ஆயிரம் சொச்சத்தில் நிற்கின்றன. ஐந்து இலக்க மீற்றர். ஒரு லட்சத்தைத் தாண்டிச் சுற்றி வந்து நின்றதா, முதல் சுற்றிலேயே நின்றதா என்பது மாஸ்ரருக்கே தெரியாது. அவர் வாங்கும்போதே அது வேறொருவர் ஓடிய வண்டி.

ஓடிய ஓட்டத்தை வேறு இடங்களில் வாசிக்கலாம். முன்சில்லைத் தூக்கிவிட்டு ஹாண்டிலை மெதுவாகத் திருப்பினால், நேராக வரும் இடத்தில் அது ஒரு சின்னக் குழியில் விழும். பெயாரிங் கிண்ணத்தில் குண்டுகள் பள்ளம் போட்டுவிட்டன என்று அர்த்தம். பின் பிரேக் டிரம்மைக் கழற்றினால், அச்சைப் பிடிக்கும் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகியிருக்கும். எப்போதோ நட் இறுகாமல் நெடுநாள் ஓடியிருக்கிறது. பிஸ்டன் தலையில் 57.6 என்று அடித்திருந்தது. இந்த எஞ்சின் இத்தாலியில் இருந்து வந்தபோது சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் சரிசமமாக 57 மில்லிமீற்றர். அதாவது சிலிண்டரை ஏற்கெனவே கடைந்திருக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும். மீற்றர் சொல்லும் கதை எனக்குத் தேவையில்லை.

வண்டி வெஸ்பா சுப்பர் 150. எட்டு அங்குலச் சில்லு, ஹாண்டிலில் நாலு கியர். எங்கள் பக்கத்தில் வெஸ்பா என்று சொல்லப்படும் பலவும் இந்தியாவில் செய்த பஜாஜ்தான். அதில் எனக்கு லாபமே தவிர நட்டமில்லை. பஜாஜ் கம்பனி வெஸ்பாவைச் செய்யும் இத்தாலியின் பியாஜியோவிடம் உரிமம் வாங்கி ஸ்கூட்டர் செய்யத் தொடங்கிய கம்பனி. அதனால் கிளச் கேபிளிலிருந்து கியர் குரோஸ் வரை ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் போட முடிகிறது. இத்தாலிக்காரனுக்குப் பஜாஜ் தம்பி முறை என்று நான் கராஜில் வேலை பழகும் பையன்களுக்குச் சொல்வேன்.

வெஸ்பாவை முதலில் வரைந்த கொரடீனோ டஸ்கானியோ விமானப் பொறியியலாளர், ஹெலிகொப்டர் செய்தவர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. செயின் எண்ணெய் உடுப்பில் படுகிறது, பங்சர் ஆனால் சில்லைக் கழற்றுவது பெரும்பாடு. அதனால்தான் 1946 இல் வந்த முதல் வெஸ்பாவிலேயே செயின் கிடையாது. எஞ்சின் பின்சில்லோடு ஒட்டி இருக்கிறது. முன்சில்லை விமானச் சில்லு மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கிறது. மாஸ்ரர் பள்ளிக்கூடத்துக்கு வேட்டியோடு போய்வந்ததும், டீச்சர் சேலையோடு பின்னால் இருந்து போனதும் அந்த மனிசனின் புண்ணியத்தில்தான்.

சரி, எஞ்சினுக்கு வருவோம்.

ஹெட்டைக் கழற்றியபோது அதற்கும் சிலிண்டருக்கும் நடுவில் கையால் வெட்டிய அலுமினியத் தகடு ஒன்று இருந்தது. இந்த மொடலில் கம்பனி அந்த இடத்தில் கேஸ்கட் எதுவும் வைப்பதில்லை, இரும்பில் அலுமினியம் நேரே உட்காரும். பையன் தகட்டைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தான். அவன் போர் முடிந்த 2009 க்குப் பிறகு பள்ளிக்கூடம் போனவன். நான் சிரிக்கவில்லை, அது ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

போரின்போது அரசு போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குப் பெற்றோல் வராது. பற்றறியும் வராது. காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மண்ணெண்ணெய்தான். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றரில் கொஞ்சம் விட்டுக் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஆனால் மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு. அமுக்கம் கூடிய எஞ்சினில் நேரகாலம் இல்லாமல் வெடிக்கும், ஏற்றத்தில் டக் டக்கென்று தட்டும், கொஞ்ச நாளில் பிஸ்டனில் ஓட்டை. அமுக்கத்தைக் குறைத்தால் தட்டாது. அதற்குத்தான் அந்தத் தகடு. பற்றறி இல்லாதது இந்த வண்டிக்குக் குறையாகவே தெரிந்திருக்காது. எஞ்சினோடு சுற்றும் பிளைவீலின் காந்தமே நெருப்பைக் கொடுக்கும், காலால் உதைத்தால் போதும்.

அந்த மெக்கானிக் யாரென்று தெரியாது. ஆனால் விஷயம் தெரிந்தவர். அதே தகட்டைச் சிலிண்டருக்கு அடியில் வைத்திருந்தாலும் அமுக்கம் குறைந்திருக்கும், வேலையும் சுலபம். ஆனால் சிலிண்டர் மேலே ஏறினால் சுவரில் உள்ள துவாரங்கள் திறந்து மூடும் நேரமும் மாறிவிடும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அந்தத் துவாரங்கள்தான் உயிர். அவர் அதைத் தொடவில்லை.

தகட்டை நான் எடுத்துவிட்டேன். பெற்றோல் கிடைக்கும் காலத்தில் அது எஞ்சினின் பலத்தைத் தின்னும், வேறு பிரயோசனம் இல்லை. றிங் பள்ளங்களில் மண்ணெண்ணெய்க் கரி கல்லாக இறுகியிருந்தது. உடைந்த பழைய றிங் துண்டால்தான் அதைச் சுரண்ட வேண்டும், வேறு ஆயுதம் எதுவும் அந்தப் பள்ளத்துக்குப் பொருந்தாது. சைலன்சரை விறகு நெருப்பில் போட்டோம். அன்று பின்னேரம் முழுக்க அயலட்டையில் யாரும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதிகம் ஓடிய வண்டி என்றால் எல்லாம் தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். தேய்மானம் பெரிய விஷயமே இல்லை, தேய்ந்ததைக் கடையலாம், மாற்றலாம். எனக்கு நேரம் எடுப்பது முன்னால் கை வைத்தவர்கள் செய்ததைப் புரிந்துகொள்ளத்தான். எது ஒன்றும் கிடைக்காத நேரத்தில் செய்தது, எது சோம்பலில் செய்தது, எது கம்பனி செய்ததைவிட நல்லது என்று பிரிக்க வேண்டும். சோம்பலுக்கு உதாரணம் இந்த வண்டியிலேயே இருந்தது. காபரேற்றர் பெட்டிக்குப் போகும் காற்று, வண்டியின் உடலான தகரப் பொடியின் உள்ளிருந்து ஒரு ரப்பர்க் குழாய் வழியாக வர வேண்டும். அந்தக் குழாய் கிழிந்திருந்தது. யாரோ அதைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே மூடியிருந்தார்கள். அதைச் செய்தவரை நான் மன்னிக்க மாட்டேன்.

காரணம் எங்கள் செம்மண். கோடையில் ஒட்டுசுட்டான் பக்கம் உள்ரோட்டில் ஒரு டிப்பர் போனால் எழும்பும் புழுதி அடங்க வெகுநேரம் செல்லும். இந்த எஞ்சினில் பெற்றோலையும் காற்றையும் உள்ளே விடும் கதவு, பிஸ்டன் சுழற்றும் கிராங்கின் தட்டுத்தான். அது சுற்றும்போது எஞ்சினின் உலோகக் கூடான கேஸில் உள்ள வாயைத் திறந்து மூடும். தட்டுக்கும் கேஸின் முகத்துக்கும் இடைவெளி மில்லிமீற்றரில் நூறில் சில பங்குதான். அதற்குள் ஒரு மணல் புகுந்து கீறினால் அடைப்புப் போய்விடும், கேஸையே மாற்ற வேண்டும். பிஸ்டனைக் கடையில் வாங்கலாம், இத்தாலியன் கேஸுக்கு எங்கே போவது? நல்ல காலம், கீறல் நகத்தில் தட்டுப்படாத அளவுதான். ரப்பர்க் குழாயை ஒரு பழைய பஜாஜிலிருந்து எடுத்துப் போட்டோம்.

கிராங்கின் ஒயில் சீல் இரண்டும் போயிருந்தன. எந்தச் சீல் போனது என்று கழற்றாமலே சொல்லலாம். கிளச் பக்கச் சீல் போனால் எஞ்சின் கியர் ஒயிலை உறிஞ்சி எரித்துப் புகை தள்ளும். பெட்டிக்கு விடுவதே கால் லீற்றர்தான், சீக்கிரம் காய்ந்துவிடும். பிளைவீல் பக்கச் சீல் போனால் புகை வராது. காற்று உள்ளே போகும், எக்ஸிலேற்றரை விட்ட பிறகும் எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும். ஆட்கள் அதைக் கேட்டு எஞ்சின் நல்ல பலமாக இருக்கிறது என்பார்கள். அந்தப் பலத்தோடு ஏ-9 வீதியில் மாங்குளம் தாண்டும்போது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிக்கும். பெற்றோலோடு ஒயிலைக் கூடுதலாகக் கலந்தால் எஞ்சினுக்கு நல்லது என்ற நம்பிக்கையும் அப்படித்தான். ஐம்பதுக்கு ஒன்று என்றால் ஐம்பதுக்கு ஒன்றுதான். மிச்ச ஒயில் கரியாகிச் சைலன்சரில் போய் நிற்கும்.

சீலும் கிளச்சின் கோர்க் தட்டுகளும் பலெர்மோவிலிருந்து வந்தன. சிசிலியில் எங்கள் சனம் நிறைய. மாஸ்ரரிடம் படித்த ஒருவர் அங்கே இருக்கிறார். ஊருக்கு வந்த இன்னொருவரின் பையில், சொக்லேற் பெட்டிகளுக்கு நடுவில் கொடுத்துவிட்டார். மாஸ்ரருக்கு அந்தச் சாமான்களில் இருந்த பெருமை வண்டியிலும் இல்லை. பார்சலை முதலில் முறிகண்டிப் பிள்ளையாரிடம் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கராஜுக்குக் கொண்டுவந்தார்.

தடைக்காலத்து வேலைகளில் ஒன்றை மட்டும் நான் மாற்றவில்லை. நெருப்பை வெட்டிவிடும் தொடுமுனைதான் பொயின்ற்; அதில் பொறி பறக்காமல் காப்பது கொண்டன்சர். இந்த வண்டிகளில் கொண்டன்சர் பிளைவீலுக்குப் பின்னால், எஞ்சின் சூட்டில் இருக்கும். பழசானால் ஒரு விளையாட்டுக் காட்டும்: காலையில் ஒரே உதையில் கிளம்பும், சூடேறியதும் நின்றுவிடும், ஆறியதும் திரும்பவும் கிளம்பும். பிளக்கை மாற்றுவார்கள், காபரேற்றரைக் கழுவுவார்கள், ஆறுதற்கு எடுத்த நேரத்தில் அது தானே சரியாகிவிடும், பாராட்டு காபரேற்றருக்குப் போகும். அந்தப் பெயர் தெரியாத மெக்கானிக் ஒரு பழைய ஒஸ்ரின் காரின் கொண்டன்சரை எடுத்து, வயரை வெளியே இழுத்து, காற்றுப் படும் இடத்தில் பொடியோடு பூட்டியிருக்கிறார். இன்றைக்கும் பொயின்றில் பொறி பறக்காமல் வேலை செய்கிறது.

பையனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “அண்ணை, பொயின்றை எறிஞ்சிட்டு சீடிஐ போட்டிடுவம். பிறகு தொடவே தேவையில்ல,” என்றான். சீடிஐ என்பது பொயின்ற் இல்லாமல் நெருப்புக் கொடுக்கும் எலெக்ட்ரோனிக் பெட்டி. அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பட்டணத்து வண்டி என்றால் நானும் போட்டிருப்பேன். ஆனால் சீடிஐ செத்தால் முழுதாகச் சாகும், மாஸ்ரர் போகும் ரோட்டில் கடையும் இல்லை. பொயின்றைப் பிளைவீல் துவாரத்தினூடே அரத்தாளால் தேய்த்து, 0.4 மில்லிமீற்றர் இடைவெளி வைத்தால் வண்டி வீட்டுக்கு வரும். அதை மாஸ்ரரே செய்வார், கணித வாத்தியார்.

2022 இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது அவர் கராஜுக்கு வந்து அந்தத் தகட்டைத் திருப்பிக் கேட்டார். கியூஆர் கோட்டுக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர்தான் அப்போது. எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் கணக்கு இந்த முறை வேறு மாதிரி. அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 க்குப் போனது, கடலுக்குப் போகிற சனத்துக்கே அது கிடைக்கவில்லை. “தம்பி, அப்ப நாலு லீற்றருக்குள்ள சீவிப்பம்,” என்று சொல்லிவிட்டுப் போனார். தகடு இன்னும் என் லாச்சியில் இருக்கிறது. எறிய மனம் வரவில்லை.

இப்போது எங்களுக்குள் சண்டை பெயின்ற்றுக்கு. மாஸ்ரருக்குப் பழைய பச்சை நிறம் வேண்டும், தைப்பொங்கலுக்கு முன் வேண்டும். எனக்கு முதலில் கால் வைக்கும் தட்டை வெட்டி ஒட்ட வேண்டும். வெஸ்பாவுக்குத் தனியாக சட்டகம் கிடையாது, தகரப் பொடிதான் சட்டகம். ரப்பர்ப் பட்டிக்கு அடியில் துருவைக் குத்தினால் ஸ்குரூட்ரைவர் மறுபக்கம் வருகிறது. இதன்மேல் பெயின்ற் அடிப்பது பொய் வேலை. மாரி தொடங்கினால் வெல்டிங் வேலை இழுபடும், அதனால் வண்டியை இப்போதே விட்டுவிட்டு அதுவரை பஸ்ஸில் போய்வரச் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் ஓம் சொல்லவில்லை.