கடைமடைக்கு யார் கை தூக்குவார்கள்?

எங்கள் நிலம் பிஏபி என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டப் பாசனத்தில் கடைமடை, அதாவது வாய்க்கால் முடிகிற கடைசிப் பகுதி. திருமூர்த்தி அணைத் தண்ணீரை நான்கு மண்டலமாகப் பிரித்து விடுவதால், ஒரு மண்டலத்துக்குச் சுமாராக இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் முறை வரும். அதை நம்பித்தான் மக்காச்சோளம் போடுகிறோம், தென்னையைக் காப்பாற்றுகிறோம். அந்த முறையில் ஒரு மணி நேரம் குறைந்தாலும் பயிரில் தெரிந்துவிடும்.

விவசாயிகளே பாசனத்தை நிர்வகிக்க 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாசன சபை இருக்கிறது. கலெக்டர் தேர்தல் நடத்துகிறார், ஓட்டுப் போடுகிறோம், தலைவர் வருகிறார். அதில் எனக்குக் குறை இல்லை. என் குறையெல்லாம் வாய்க்கால் நனைகிற நேரத்தைப் பற்றியது.

எங்கள் வாய்க்காலில் ஏக்கருக்கு இத்தனை நிமிஷம் என்று முறை. மேல்மடைக்காரர் பலகையைத் தூக்கினால் வயலில் தண்ணீர் நிற்கும். எங்களுக்கு அப்படியில்லை. காய்ந்து வெடித்துக் கிடக்கும் மண் வாய்க்கால் முதலில் குடிக்கும். எலி வளை, நண்டு வளையெல்லாம் குடிக்கும். நுரையும் சருகுமாகத் தண்ணீர் எங்கள் வரப்பைத் தொடும்போது முறையில் பாதி போயிருக்கும். அதற்குள், "நேரம் ஆச்சுங்க அம்மணி, அடைச்சிரலாமுங்களா?" என்று மடை பார்க்கிறவர் போனில் கேட்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கையில் இருக்கிற சீட்டுப்படிதான் அவர் நடக்க முடியும்.

வாய்க்கால் நனையும் நேரத்தை எங்கள் முறையில் மட்டும் கழிக்காமல் எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள் என்று பாசன சபைக் கூட்டத்தில் கேட்டேன். கை தூக்கச் சொன்னார்கள். மேல்மடையில் பட்டாதாரர்கள் அதிகம், தீர்மானம் விழுந்துவிட்டது. விதிப்படிதான் நடந்தது. ஆனால் வாய்க்கால் ஓடும் திசை மாறாதவரை கடைமடையில் இருப்பவர்கள் எப்போதும் சிறுபான்மைதான். தலையை மட்டும் எண்ணினால் எங்களுக்கு எந்தக் காலத்திலும் ஜெயிக்க வழியில்லை.

பெண்கள் கதை தனி. பட்டா எங்கள் பேரில் இருக்கும், கூட்டத்துக்கு வீட்டு ஆம்பளை போவார். ராத்திரி முறைக்கு டார்ச் லைட்டோடு வரப்பில் நிற்பது பெரும்பாலும் நாங்கள். பக்கத்துக் காட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டதற்கு, "என்னையக் கையெழுத்துக்குத்தான் கூப்புடுவாங்க கண்ணு, நீ போய்ப் பேசு" என்றார்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், குடவோலையில் தேர்வு. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்தக் குடத்தில் ஓலை. அதனால் அதை மக்களாட்சி என்று கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு விதியைத்தான். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பேரையும், அவருடைய நெருங்கிய சொந்தக்காரர் பேரையும் குடத்தில் போடக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். வாய்க்கால் தூர்வாரிய செலவுக் கணக்கை நாங்கள் கேட்டால் இன்றைக்கும் "அப்புறம் பார்க்கலாமுங்க" என்ற பதில்தான் வருகிறது.

அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு போகிறேன். முறை நேரத்தை ஒவ்வொரு மடையிலும் பெயின்டால் எழுத வேண்டும். தூர்வாரிய கணக்கைக் கூட்டத்தில் வாசித்த பிறகுதான் மற்ற தீர்மானங்களை எடுக்க வேண்டும். பட்டாதாரப் பெண்களுக்கு அவரவர் பேரிலேயே அழைப்பு வர வேண்டும். முறையை மாற்றுவதாக இருந்தால் மொத்தக் கை எண்ணிக்கை போதாது. கடைமடைப் பட்டாதாரர்களில் பாதிப் பேராவது தனியாகச் சம்மதிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குத்தான் எதிர்ப்பு பலமாக இருக்கும். அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.